உறுதிக்குள் ஏறிய பொய்



இன்றைக்கு எடுத்துக்கொண்ட பொருள் பொய்ச்சாட்சி. அதிலும் சிவில் வழக்கில் சொல்லப்படும் பொய்ச்சாட்சி. கொலை வழக்கில் பொய் சொன்னவரை ஊர் மன்னிக்காது. ஒரு மனிதனைச் சிறைக்கு அனுப்பிவிட்டாரே என்று தலைமுறைக்கும் தூற்றும். ஆனால் வேலி வழக்கில்? வயல் வழக்கில்? சீதன வளவு வழக்கில்? கைமாற்றாகக் கொடுத்த காசு வழக்கில்? அங்கே யாருக்கும் விலங்கு மாட்டுவதில்லை, யாரையும் சிறை வாகனத்தில் ஏற்றுவதில்லை. ஆகவே, “மச்சானுக்காக வந்து ஒரு சொல்லுச் சொல்லிவிட்டுப் போ, அவ்வளவுதான்” என்று கூப்பிடுகிறார்கள். கூப்பிட்டவருக்கும் கூச்சமில்லை, கூண்டில் ஏறியவருக்கும் கூச்சமில்லை.

கூச வேண்டும். ஏன் கூச வேண்டும்? அதுதான் இன்றைய பேச்சு.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரிய புராணத்தில் ஒரு சிவில் வழக்கு வருகிறது. கலியாணப் பந்தலுக்கு ஒரு முதியவர் வந்து, மணமகனான சுந்தரர் தமக்கு அடிமை என்று ஓலை காட்டுகிறார். வழக்குத் திருவெண்ணெய்நல்லூர் அவைக்குப் போகிறது. அவையோர் கேட்டவை மூன்று: வழிவழியாக நடந்துவந்த ஆட்சி உண்டா, எழுதிய ஆவணம் உண்டா, அயலார் கண்ட சாட்சி உண்டா? ஓலையில் இருந்த கையெழுத்தைச் சுந்தரருடைய பாட்டனாரின் வேறொரு கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே தீர்ப்புச் சொன்னார்கள்.

இன்றைக்கு வாழைச்சேனை நீதிமன்றத்தில் ஒரு காணி வழக்குக்குப் போய்ப் பாருங்கள். கேட்கப்படுவது அதே மூன்றுதான். உறுதி இருக்கிறதா? ஆட்சி இருக்கிறதா? சாட்சி யார்? மூன்றும் தனித்தனியாகத் தோன்றும். உண்மையில் மூன்றும் ஒன்றின் மேல்தான் நிற்கின்றன. உறுதிக்குக் கைச்சாத்திட்டவர்கள் சாட்சிகள். ஆட்சியை நேரில் கண்டு சொல்கிறவர்கள் சாட்சிகள். சாட்சி பொய்யானால் உறுதியும் பொய், ஆட்சியும் பொய். நீதிபதியின் கையில் மிஞ்சுவது வெறும் கடதாசி.

உறுதியை எடுத்துக்கொள்ளுங்கள். இந்த நாட்டில் காணி கைமாறுவதை ஆளும் சட்டம் 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். அதன் நீண்ட தலைப்பிலேயே இரண்டு காரியங்கள் சொல்லப்பட்டிருக்கின்றன: மோசடியைத் தடுப்பது ஒன்று, பொய்ச்சத்தியத்தைத் தடுப்பது மற்றொன்று. 180 ஆண்டுகளுக்கு மேலாகிறது. காணியும் பொய்ச்சாட்சியும் எவ்வளவு நெருங்கிப் பழகியவை என்பது அந்தக் காலத்துச் சட்டம் எழுதியவர்களுக்கே தெரிந்திருந்தது. ஆகவே, வாய்ச்சொல்லால் காணி மாறக் கூடாது, எழுத்தில் இருக்க வேண்டும், நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகள் ஒரே நேரத்தில் உடனிருக்கக் கைச்சாத்து வைக்க வேண்டும் என்று விதித்தார்கள். 1907 ஆம் ஆண்டின் நொத்தாரிசு கட்டளைச் சட்டம் இன்னொரு பூட்டும் போட்டது. எழுதிக்கொடுப்பவரை நொத்தாரிசுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவருக்குத் தெரியாவிட்டால் கைச்சாத்திடும் சாட்சிகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இந்தப் பூட்டின் திறப்பு யார் கையில் இருக்கிறது? அந்த இரண்டு சாட்சிகளின் கையில்! “இவரை எனக்குத் தெரியும், இன்னாருடைய மகள் இவர்” என்று ஒருவர் கைச்சாத்து வைக்கிறார். தெரியாமல் வைத்தால்? அலுவலகத்துக்கு வெளியே தேநீர் குடித்துக்கொண்டிருந்தவரை உள்ளே கூப்பிட்டு, “இதில் ஒரு கைச்சாத்து” என்றதும் அவர் வைத்தால்? வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போன பெண்ணின் பெயரில் வேறொருத்தி வந்து ஒப்பமிட முடியும். நாலு வருடம் கழித்துத் திரும்பி வருகிறவர் தன் வளவில் வேறொருவர் அத்திவாரம் போட்டிருப்பதைக் காணலாம். வழக்கு வரும். அந்தச் சாட்சி கூண்டில் ஏறுவார். இப்போது அவர் முன்னால் இரண்டு வழிதான். அன்றைக்குத் தெரியாமல் கைச்சாத்திட்டேன் என்று ஒப்புக்கொள்ள வேண்டும், அல்லது அந்தக் கைச்சாத்தைக் காப்பாற்ற இன்றைக்குச் சத்தியம் பண்ணிப் பொய் சொல்ல வேண்டும். முதல் நாள் அலட்சியம், பிற்பாடு குற்றமாக முற்றுகிறது.

அடுத்தது ஆட்சி. 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் காலவரையறைக் கட்டளைச் சட்டத்தின் 3 ஆம் பிரிவு, மற்றவரின் உரிமையை ஏற்காமல், இடையூறில்லாமல் பத்து ஆண்டுகள் ஆண்டு வந்தவருக்குக் காணியில் உரித்துக் கொடுக்கிறது. காணி தரிசாகக் கிடக்கக் கூடாது, பாடுபட்டவர் தெருவில் நிற்கக் கூடாது என்ற நல்ல நோக்கம் அதற்கு உண்டு. ஆனால் பத்து ஆண்டை எதைக் கொண்டு அளப்பது? பக்கத்து வளவுக்காரரின் வாயைக் கொண்டுதான் அளக்க வேண்டியிருக்கிறது. “இருபது வருடமாக இவர்தான் தேங்காய் பறிக்கிறார்” என்று ஒருவர் சொன்னால், அது ஒரு வாக்கியம் மாத்திரமில்லை, ஒரு காணி உறுதி.

கூடப்பிறந்தவர்களுக்கு இடையில் இன்னும் கவனமாகக் கேட்க வேண்டிய ஒரு விதி இருக்கிறது. 1911 இல் இலண்டன் பிரிவி கவுன்சில், இலங்கையிலிருந்து போன கொரேயா எதிர் அப்புஹாமி வழக்கில் அதைச் சொன்னது. கூட்டு உரிமையாளர் ஒருவர் காணியை ஆண்டால் அவருடைய ஆட்சி மற்றவர்களின் ஆட்சியுமாகும். “எனக்கு மட்டும்தான்” என்று மனதுக்குள் இரகசியமாக நினைத்துக்கொண்டதால் மட்டும் தங்கையின் பங்கு அழிந்துவிடாது. நூறு ஆண்டு கடந்தும் எங்கள் நீதிமன்றங்களில் எடுத்துக்காட்டப்படும் தீர்ப்பு அது. பெண் மக்களைக் காப்பாற்றிய தீர்ப்பு.

ஆனால் பாருங்கள், அந்தத் தீர்ப்பைத் தாண்ட நினைப்பவருக்குப் பெரிய பொய் தேவைப்படுகிறது. பத்து வருடம் இருந்தேன் என்று சொன்னால் போதாது. தங்கையை வெளிப்படையாக விலக்கி வைத்தேன், நெல்லில் பங்கு கொடுக்கவில்லை, வளவுக்குள் காலெடுத்து வைக்க விடவில்லை என்று காட்ட வேண்டும். பெருநாளுக்குப் பெருநாள் தங்கை வீட்டுக்கு நெல் மூடை போனதைத் தன் கண்ணால் கண்ட பக்கத்து வீட்டுக்காரர், “அப்படியெதுவும் போகவில்லை” என்று சொல்ல வேண்டும். அந்தத் தங்கை நீதிமன்ற வாங்கில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருப்பார். காணி போவது ஒரு பக்கம். தன்னைக் குழந்தையிலிருந்து தூக்கி வளர்த்த அந்தப் பக்கத்து வீட்டு மாமா தன் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னதை அந்தப் பெண் எந்தத் தீர்ப்பால் மறப்பார்?

இனி எங்கள் மண்ணுக்கு வருவோம். 1978 நவம்பர் 23 ஆம் திகதிச் சூறாவளி மட்டக்களப்பின் கூரைகளைத் தூக்கிக்கொண்டு போனது. கூரையோடு பெட்டகமும் நனைந்தது, பெட்டகத்துக்குள் இருந்த உறுதியும் நனைந்தது. 1990 இல் போரினால் தமிழரும் முஸ்லிம்களும் உடுத்த உடையோடு ஊர் விட்டு ஓடினார்கள். 2004 டிசம்பர் 26 இல் கடல் வந்தது. நொத்தாரிசு எழுதிய உறுதியின் இரட்டைப்படி காணிப் பதிவகத்தில் இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் தேடுவதற்கு இலக்கம் வேண்டும், திகதி வேண்டும், நொத்தாரிசின் பெயர் வேண்டும். அவற்றை நினைவில் வைத்திருந்த வாப்பாவும் இல்லை, உம்மாவும் இல்லை. அனுமதிப்பத்திரக் காணிகளும், ஒரு காலமும் உறுதி எழுதப்படாமல் கையால் வேலி கட்டி வாழ்ந்த வளவுகளும் இந்தப் பக்கத்தில் எத்தனையோ.

போரினால் ஊரை விட்டுப் போனவரின் காணியை வேறொருவர் பத்து ஆண்டு ஆண்டிருந்தால், 1871 ஆம் ஆண்டுச் சட்டம் ஆண்டவருக்கே சாதகமாகப் போய்விடும் என்ற அச்சம் இருந்தது. அதற்காகவே 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கக் காலவரையறை (விசேட ஏற்பாடுகள்) சட்டம் கொண்டுவரப்பட்டது. ஆயுதக் குழுவின் நடவடிக்கைகளால் தம் உரிமையைக் கோர முடியாமல் போனவர்களுக்கு, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலம் கணக்கில் எடுக்கப்படாது என்று அது சொன்னது. நல்ல சட்டம். ஆனால் சட்டம் நாட்களைக் கழிக்கலாம். அந்தக் குடும்பம் அங்கே இருந்தது, ஓடியது, கிணறு கட்டியது, பிள்ளை பெற்றது, மையித்தை அடக்கியது என்பதை யார் சொல்வது?

அயலவர் சொல்ல வேண்டும். முஸ்லிம் குடும்பத்தின் வளவுக்குத் தமிழ்க் கிராமத்து முதியவரும், தமிழ்க் குடும்பத்தின் வயலுக்கு முஸ்லிம் முதியவரும் சொல்ல வேண்டிய இடம் இது. உறுதி எரிந்துபோன மண்ணில் அயலவரின் நினைவுதான் கடைசி உறுதி. அதையும் பொய்யாக்கினால் அந்தக் குடும்பத்துக்கு மிச்சம் என்ன இருக்கிறது? எங்களவர், அவர்களவர் என்று பிரித்துச் சாட்சி சொல்லத் தொடங்கினால், போர் முடிந்த பிறகும் அந்த வேலி வழியே போர் நடந்துகொண்டே இருக்கும். இதைக் கிழக்கு மாகாணத்தில் பிறந்த எவருக்கும் விளக்கத் தேவையில்லை.

பொய்ச்சாட்சியின் விளைவு தீர்ப்போடு முடிந்துவிடும் என்று எண்ணுகிறவர்கள் காணிப் பிரிவினை வழக்கைப் பார்க்க வேண்டும். மற்றச் சிவில் வழக்கில் தீர்ப்பு, வழக்காளியையும் எதிராளியையும் அவர்கள் வழி வந்தவர்களையும்தான் கட்டும். பிரிவினைத் தீர்ப்பு அப்படியல்ல. 1977 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தின் 48 ஆம் பிரிவின்படி அது உலகம் முழுவதையும் கட்டும் முடிவான தீர்ப்பு. வழக்கைப் பற்றிக் கேள்விப்படாதவரையும் கட்டும்.

இப்போது ஒரு குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். இறந்துபோன தகப்பனுக்குப் பிள்ளைகள் ஐந்து. வழக்குப் போடுபவர் பரம்பரை வரிசையை எழுதிக் கொடுக்கும்போது நான்கு பேரை மட்டும் எழுதுகிறார். வேறு ஊரில் கலியாணம் முடித்துப் போன மூத்த பெண்ணின் பெயர் இல்லை. கூண்டில் ஏறி, “வாப்பாவுக்கு நாங்கள் நாலு பேர்தான்” என்கிறார். எதிராளிகள் யார்? மற்ற மூன்று பேர். பங்கு கூடுகிறதே என்று அவர்களும் வாய் திறப்பதில்லை. மறுப்பதற்கு ஆளில்லாத சபையில் பொய் உண்மையாக எழுதப்படுகிறது. இறுதித் தீர்ப்பு வந்த பிறகு அந்தப் பெண் அறிந்துகொண்டால் அவருக்குச் சட்டம் வைத்திருப்பது என்ன? 49 ஆம் பிரிவின்படி நட்டஈடு கேட்டு வேறொரு வழக்கு! காணி திரும்பாது, காசு கேட்கலாம். மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் மீளாய்வு அதிகாரம் மட்டும் ஒரு சிறு கதவாகத் திறந்திருக்கிறது. 1983 இல் சோமாவதி எதிர் மடவெல வழக்கில் உயர் நீதிமன்றம் அந்தக் கதவை உறுதிப்படுத்தியது. ஆனால் கொழும்புக்குப் போய் அந்தக் கதவைத் தட்ட எத்தனை பேரால் முடியும்?

இதனால்தான் பிரிவினை வழக்கில் கட்சிக்காரர்கள் எல்லாரும் ஒத்துப்போனாலும் நீதிபதி தாமே உரித்தை ஆராய வேண்டும் என்று சட்டத்தின் 25 ஆம் பிரிவு கட்டளையிடுகிறது. 1896 இலிருந்தே எங்கள் உயர் நீதிமன்றம் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லி வந்திருக்கிறது. எல்லாரும் ஒத்துப்போகும் இடத்தில்தான் நீதிபதிக்குச் சந்தேகம் வர வேண்டும் என்ற அளவுக்கு அனுபவம் கற்றுக்கொடுத்திருக்கிறது. அப்படி ஓர் அனுபவம் சேர எத்தனை பொய்கள் சொல்லப்பட்டிருக்க வேண்டும்!

அக்கரையில், தமிழ்நாட்டில், நடந்த ஒரு வழக்கைச் சொல்ல வேண்டும். செங்கல்வராய நாயுடு எதிர் ஜகன்னாத் என்று அதற்குப் பெயர். ஜகன்னாத் ஒரு சாவுகாரிடம் எழுத்தராக இருந்தவர். முதலாளி பெற்றிருந்த கடன் தீர்ப்பை நிறைவேற்ற நடந்த நீதிமன்ற ஏலத்தில் முதலாளிக்காகச் சொத்தைத் தம் பெயரில் எடுத்தார். பிறகு 1945 நவம்பரில், அந்த உரிமை முழுவதையும் முதலாளிக்கே விட்டுக்கொடுத்துப் பதிவு செய்த விடுதலைப் பத்திரமும் எழுதிக்கொடுத்தார். கடன்பட்டவர்கள் முதலாளியிடம் பணத்தைக் கட்டினார்கள். அத்தோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. சொத்து இன்னும் தமதே என்று சொல்லி ஜகன்னாத் பாகப்பிரிவினை வழக்குப் போட்டார். தாமே எழுதிக்கொடுத்த பத்திரத்தைப் பற்றி நீதிமன்றத்தில் ஒரு வார்த்தை பேசவில்லை. முதல்நிலைத் தீர்ப்பும் அவருக்குக் கிடைத்தது. இறுதித் தீர்ப்புக்கு விண்ணப்பித்த கட்டத்தில்தான் எதிர்த்தரப்பு அந்தப் பத்திரத்தைக் கண்டுபிடித்தது.

விசாரணை நீதிமன்றம், இது மோசடி என்றது. சென்னை உயர் நீதிமன்றமோ, பத்திரத்தைத் தேடிக் கண்டுபிடிப்பது எதிர்த்தரப்பின் பொறுப்பு என்ற போக்கில் அதை மாற்றியது. கடைசியில் 1993 அக்டோபர் 27 அன்று இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. வழக்குக்கு வேண்டிய ஆவணத்தை அறிந்தே மறைப்பது நீதிமன்றத்தையும் எதிர்த்தரப்பையும் ஏமாற்றுவது. அப்படிப் பெற்ற தீர்ப்பு, தீர்ப்பே அல்ல, அதை எந்த நீதிமன்றத்திலும் எந்தக் கட்டத்திலும் செல்லாது என்று காட்டலாம். பத்திரம் எழுதிய ஆண்டு 1945, உண்மை வென்ற ஆண்டு 1993. நாற்பத்தெட்டு ஆண்டுகள்! அந்த இடைக்காலத்துக்குள் ஒரு பிள்ளை பிறந்து, வளர்ந்து, தன் பிள்ளைக்குக் கலியாணம் பேசும் வயதுக்கு வந்துவிடும்.

பொய் சொன்னவரின் வீட்டுக்கு என்ன ஆகிறது? சிலப்பதிகாரத்தில் புகார் நகரத்துச் சதுக்கத்தில் ஒரு பூதம் இருந்தது. பொய்ச்சாட்சி சொல்பவர்களைப் பிடித்து உண்பது அதன் வேலை. கற்புடைய ஒரு பெண்ணைப் பற்றி அவள் கணவனிடம் பொய்ச்சாட்சி சொன்ன ஒருவனைப் பூதம் பிடித்தது. அவன் தாய் கதறினாள். கோவலன், என் உயிரை எடுத்துக்கொண்டு அவனை விடு என்றான். பூதம் இணங்கவில்லை. அதன் பிறகு அந்தத் தாயையும் சுற்றத்தையும் கோவலன்தான் பல ஆண்டு காப்பாற்றினான். கதை பூதத்தோடு நிற்கவில்லை பாருங்கள். பொய் சொன்னவனின் வீட்டு அடுப்பு எப்படி எரிந்தது என்பது வரை போகிறது.

பூதம் இல்லாத காலத்திலும் இதுதான் நடக்கிறது. பிரித்தானிய அமைச்சராக இருந்த ஜொனதன் எய்ட்கின், 1993 இல் பாரிஸ் ரிட்ஸ் ஹோட்டலில் தங்கியபோது கட்டணத்தை யார் கொடுத்தார்கள் என்று கார்டியன் பத்திரிகை எழுதியது. அவர் மானநஷ்ட வழக்குப் போட்டார். அது சிவில் வழக்கு. தம் மனைவிதான் பாரிஸ் வந்து பணம் கட்டினார் என்று சத்தியம் பண்ணிச் சொன்னார். அதைத் தாங்கிப் பிடிக்கப் பதினேழு வயது மகளிடமும் ஒரு சாட்சிக் கூற்றில் கைச்சாத்து வாங்கினார். 1997 ஜூனில், மனைவி அந்த நாட்களில் சுவிட்சர்லாந்தில் இருந்ததைக் காட்டும் விமானச் சீட்டு விவரமும் வாடகைக் கார் பற்றுச்சீட்டும் நீதிமன்றத்துக்கு வந்தன. வழக்கு அத்தோடு இடிந்தது. 1999 ஜூனில் பொய்ச்சத்தியத்துக்காகப் பதினெட்டு மாதச் சிறைத்தண்டனை. பதவி போனது, சொத்துப் போனது, கடனாளியானார். இவை எல்லாம் ஈடு செய்யக்கூடியவை. பெற்ற மகளைப் பொய்க்குக் கைச்சாத்திட வைத்ததை எப்படி ஈடு செய்வது? பிள்ளைகளைச் சாட்சிக்குப் பழக்கும் தகப்பன்மார் இந்த இடத்தில் சற்று நின்று யோசிக்க வேண்டும்.

எங்கள் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது? தண்டனைச் சட்டக்கோவையின் 190 ஆம் பிரிவு, நீதிமன்ற நடவடிக்கையில் வேண்டுமென்றே பொய்ச்சாட்சி சொன்னவருக்கு ஏழு ஆண்டு வரை சிறையும் தண்டப்பணமும் விதிக்கிறது. சிவில் வழக்குத்தானே என்று அது குறைத்துப் பேசவில்லை. வாய்ச்சாட்சிக்கும் அது பொருந்தும், சமாதான நீதவான் முன்னால் ஒப்பமிட்டு நீதிமன்றத்தில் போடும் சத்தியக்கடதாசிக்கும் பொருந்தும். வாசித்துப் பார்க்காமல் கைச்சாத்து வைக்கும் பழக்கம் எங்களிடம் அதிகம் என்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆனால் எதிராளி நேராகப் போய் இந்த வழக்கைப் போட முடியாது. அந்த நீதிமன்றமே முறையிட வேண்டும், அல்லது சட்டமா அதிபரின் அனுமதி வேண்டும். காணி வழக்கே முடியாமல் இழுபடும் நீதிமன்றத்தில் அதன் மேல் இன்னொரு வழக்கா என்று பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். அந்த விட்டுவிடலைக் கண்டுதான் பொய்க்குத் துணிவு வருகிறது. நீதிபதிகளும் சட்டத்தரணிகளும் இதில் கண்டிப்புக் காட்டத்தான் வேண்டும்.

சட்டம் எட்டாத இடத்துக்கு மார்க்கம் எட்டுகிறது. அல்குர்ஆனின் மிக நீண்ட வசனம் சூரத்துல் பகராவில் இருக்கிறது. அது கடனை எழுதி வைப்பதையும் அதற்குச் சாட்சி நிறுத்துவதையும் பற்றியது. சூரத்துன் நிஸா, சாட்சி தனக்கோ பெற்றோருக்கோ உறவினருக்கோ பாதகமாக இருந்தாலும் நீதிக்காக நிற்கச் சொல்கிறது. பெரும் பாவங்களைச் சொல்லிக்கொண்டு வந்த நபி (ஸல்) அவர்கள், பொய்ச்சாட்சி என்று வந்ததும் சாய்ந்திருந்த நிலையிலிருந்து எழுந்து உட்கார்ந்து, போதும் என்று தோழர்கள் நினைக்கும் வரை அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்கள் என்பது புகாரியில் பதிவான செய்தி.

உம்மு ஸலமா (ரழி) அறிவித்து அபூதாவூதில் வரும் ஒரு நிகழ்வு, அப்படியே எங்கள் ஊர் முதுச வழக்கு. சொத்துத் தகராறோடு இரண்டு பேர் வந்தார்கள். இருவரிடமும் சாட்சியம் இல்லை. நபியவர்கள் சொன்னார்கள்: உங்களில் ஒருவர் வாதத் திறமையால் வெல்லக்கூடும், கேட்டதை வைத்துத்தான் தீர்ப்புச் சொல்கிறேன், சகோதரனின் உரிமையில் எதையாவது எடுத்துக் கொடுத்துவிட்டால் அது நெருப்புத் துண்டு, அதை எடுக்க வேண்டாம். இருவரும் அழுதார்கள். என் உரிமை உனக்கே என்று ஒருவருக்கொருவர் சொன்னார்கள். அப்போது நபியவர்கள், பங்கிடுங்கள், சீட்டுப் போட்டு எடுங்கள், ஒருவரையொருவர் மன்னித்துவிடுங்கள் என்று அனுப்பி வைத்தார்கள். தீர்ப்புக் கையில் இருப்பதால் மட்டும் அந்தக் காணி ஹலால் ஆகிவிடாது என்பது இதில் தெளிவாக இருக்கிறது.

பெரியோர்களே, இளைஞர்களே! இந்த மண்டபத்தை விட்டு வெளியே போகும்போது சில காரியங்களைக் கொண்டுபோங்கள். ஒருவரை நேரில் தெரியாவிட்டால் அவருடைய உறுதிக்குச் சாட்சியாகக் கைச்சாத்து வைக்காதீர்கள், கேட்பவர் யாராக இருந்தாலும் மறுத்துவிடுங்கள். சத்தியக்கடதாசியை ஒரு வரி விடாமல் வாசிக்கச் சொல்லிக் கேட்ட பிறகு ஒப்பமிடுங்கள். கூண்டில் நின்றால் கண்டதைச் சொல்லுங்கள். காணாததைக் கேட்டால் “எனக்குத் தெரியாது, ஐயா” என்று சொல்லுங்கள், அந்தப் பதிலுக்காக எந்த நீதிபதியும் உங்களைக் கோபிக்க மாட்டார். உங்கள் வீட்டில் எழுபது, எண்பது வயது தாண்டிய மூத்தவர்கள் இருந்தால், 1990 இற்கு முன் எந்த வளவில் யார் இருந்தார்கள் என்பதை, எங்களவர் மற்றவர் என்று பாராமல், அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். ஓர் அயலவரின் காணிக்காக உங்களுக்கு அழைப்பாணை வந்திருந்தால், வேலையைக் காரணம் காட்டி நின்றுவிடாமல், அந்தத் தவணைக்குப் போங்கள்.